குருத்தும் கட்டியும்

(பொதுமக்களுக்கான மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன வாரம் இதே நாளில் உங்கள் சிறுகுடலின் உள்பக்கத்தை மூடியிருந்த பூச்சு இன்று உங்களிடம் இல்லை. உதிர்ந்து போய்விட்டது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அது பழையது கழிந்து புதியது முளைத்துவிடுகிறது. நாம் உறங்கும்போதும், சாப்பிடும்போதும், காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

குடலின் உள்சுவரை உருப்பெருக்கியில் பார்த்தால் சின்னச் சின்ன விரல்கள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். விரல்களின் அடியைச் சுற்றிக் கிணறு போன்ற குழிகள் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் லீபர்க்யூன் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்ததால் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படும் குழிகள் அவை. ஒவ்வொரு குழியின் அடித்தளத்திலும் ஒல்லியான செல்கள் கொஞ்சம் ஒடுங்கி நிற்கின்றன. எலியின் குடலில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: குழிக்குச் சுமார் பதினைந்து. நாளுக்கு ஒருமுறை அவை பிரிகின்றன. பிரிந்த பிள்ளைகளில் சில மேலே ஏறி, ஏறும் வழியில் இன்னும் சில முறை பிரிந்து, உணவை உறிஞ்சும் செல்லாகவோ சளி சுரக்கும் செல்லாகவோ முதிர்ந்து, விரல் நுனியைத் தொட்டதும் உதிர்ந்துவிடுகின்றன.

அடியில் நிற்கும் அந்தச் செல்களைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம். தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் அது ஒன்று. வாழையை வெட்டிப்போட்ட மறுநாள் கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். வெட்டுவாயின் நடுவிலிருந்து குருத்து எட்டிப் பார்க்கும். சுற்றியிருக்கும் மட்டைகள் எல்லாம் வளர்ந்து முடிந்தவை. நடுக்குருத்து மட்டும் இன்னும் முடியாதது. முடியாமல் இருப்பதுதான் அதன் பலம்.

இன்று நான் பேச வந்தது அந்த முடியாத தன்மையைப் பற்றி. ஒரு செல்லைக் குருத்தாகவே வைத்திருப்பது எது? அது அந்தச் செல்லின் பிறவிக் குணமா? இல்லை என்பதுதான் கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி சொல்லும் பதில். பக்கத்துச் செல்கள் ஓயாமல் அனுப்பும் சமிக்ஞைகள்தான் குருத்தைக் குருத்தாக வைத்திருக்கின்றன. அந்தச் சமிக்ஞை வராமலே வந்துவிட்டதைப்போல் ஒரு செல் நடந்துகொள்ளத் தொடங்கினால் அங்கே புற்றுநோய்க்கு வித்து விழுகிறது. செல்களுக்கு இடையே ஓடும் சமிக்ஞைப் பாதைகள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் விண்ட். பெயரே ஒரு கதை.

அந்தக் கதையின் ஒரு முனை நம் நாட்டில் இருக்கிறது. டெல்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆர். பி. சர்மா என்ற மரபியலாளர் பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் அதே சின்ன ஈ. அவற்றில் சிறகே இல்லாமல் பிறக்கும் ஒரு வகையைக் கண்டு 1973-இல் அறிவித்தார். ‘விங்லெஸ்’, அதாவது சிறகிலி என்று பெயர் வைத்தார். மூன்று ஆண்டு கழித்து, வி. எல். சோப்ராவோடு சேர்ந்து விரிவாக எழுதினார். சிறகு முளைக்க வேண்டிய இடத்தில் முதுகுப்புறத்தின் ஒரு பகுதி இரண்டாம் முறை முளைத்திருந்தது. உறுப்பு காணாமல் போனது என்று மட்டும் அதைக் கொள்ள முடியாது. ‘நீ சிறகாகு’ என்ற செய்தி போய்ச் சேராத செல்கள் வேறொன்றாகிவிட்டன.

இன்னொரு முனை சான் பிரான்சிஸ்கோவில். எலிகளுக்குத் தாய்ப்பால் வழியாகப் பரவி மார்பகப் புற்றுநோயைக் கொடுக்கும் ஒரு வைரஸ் உண்டு. அது செல்லுக்குள் போய்த் தன் மரபுப்பொருளை எலியின் மரபுப்பொருளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். எங்கே செருகினால் கட்டி வருகிறது என்று தேடினார்கள் ரோல் நுஸ்ஸே, ஹெரால்ட் வார்மஸ் இருவரும். 1982-இல் ஒரு மரபணு சிக்கியது. பல கட்டிகளில் வைரஸ் அந்த மரபணுவின் பக்கத்திலேயே குடியேறி, அதை ஓயாமல் வேலை செய்ய வைத்திருந்தது. மரபணுவின் சரக்கில் கோளாறு ஏதும் இல்லை. அது உருவாக்கிய புரதம் நல்ல புரதமே. வேண்டாத இடத்தில் உருவானதுதான் கேடு. அதற்கு இண்ட்-1 என்று பெயரிட்டார்கள்.

நுஸ்ஸே பிறகு ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பினார். 1987-இல் அவர் குழு, எலியின் இண்ட்-1 மரபணுவுக்கு ஈயில் ஒத்தது எது என்று தேடியது. கிடைத்தது விங்லெஸ்! சிறகை முளைக்க வைக்கும் செய்தியும் மார்பகக் கட்டியை வளர்க்கும் செய்தியும் ஒரே எழுத்தில் எழுதப்பட்டவை. இரண்டு பெயரையும் ஒட்டித்தான் விண்ட் என்ற சொல் பிறந்தது. நான் மாணவனாக இதைப் படித்த அன்று வெகு நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஈக்கும் எலிக்கும் பொது முன்னோர் ஐம்பது கோடி ஆண்டுக்கும் முந்தையது. அவ்வளவு பழைய மொழியில் இன்றைக்கும் நம் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

அந்தப் பேச்சு செல்லுக்குள் எப்படி வேலை செய்கிறது? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது புரிந்தால் மருந்துகள் ஏன் தோற்கின்றன என்பதும் புரியும்.

ஒரு கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியே தண்ணீர் எந்நேரமும் வருகிறது. மடையும் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. வருவதெல்லாம் போய்விடுவதால் நீர்மட்டம் ஏறுவதில்லை. செல்லுக்குள் அந்தத் தண்ணீர் பீட்டா கெட்டினின் என்ற புரதம். செல் அதை ஓயாமல் செய்கிறது, செய்த கையோடு அழிக்கிறது. அழிக்கும் மடையில் பல புரதங்கள் சேர்ந்து நிற்கின்றன. ஆக்சின், ஏ.பி.சி. என்ற இரண்டும் சட்டம் போலத் தாங்கிப் பிடிக்க, இரண்டு நொதிகள் பீட்டா கெட்டினின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்துகின்றன. முத்திரை விழுந்ததைச் செல்லின் குப்பை அரைக்கும் எந்திரமான புரோட்டியசோம் தூளாக்கிவிடுகிறது.

வெளியிலிருந்து விண்ட் வந்து செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியைத் தொட்டால் மடை அடைபடுகிறது. நீர்மட்டம் ஏறுகிறது. ஏறிய பீட்டா கெட்டினின் கலுங்கு வழியும் தண்ணீர் போல உட்கருவுக்குள் புகுந்து, டி.சி.எஃப். என்ற புரதத்தோடு சேர்ந்து, ‘பிரி, இன்னும் முதிராதே’ என்று சொல்லும் மரபணுக்களை எழுப்புகிறது. விண்ட் நின்றால் மடை திறக்கும், மட்டம் இறங்கும், செல் முதிரத் தொடங்கும்.

செய்வதையே அழித்துக்கொண்டிருப்பது வீண் செலவு என்று தோன்றும். ஆனால் புதிதாக ஒன்றையும் செய்யத் தேவையில்லாமல், அழிப்பதை நிறுத்தினாலே செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. வேகத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை.

இந்தப் பாதையைக் குடல் குழிக்குள் வைத்துப் பார்த்தவர்கள் ஹாலந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸும் அவர் குழுவினரும். எலியில் டி.சி.எஃப். குடும்பத்தின் ஒரு மரபணுவை நீக்கினார்கள். பிறந்த குட்டிகளின் சிறுகுடலில் குருத்தணுக்களுக்கான இடமே வெறுமையாக இருந்தது. அது 1998. பின்பு 2007-இல், அந்தக் குழுவில் இருந்த நிக் பார்க்கர், எல்.ஜி.ஆர்.5 என்ற அடையாளப் புரதத்தைக் கொண்டு குழியடிச் செல்களுக்கு நிறமிட்டார். ஒரு செல்லில் இட்ட நிறம் சில நாளில் குழியிலிருந்து விரல் நுனி வரை நாடா போல ஏறியது. மாதங்கள் கழித்தும் அங்கேயே இருந்தது. குருத்தணு இதுதான் என்று கண்ணால் பார்க்க முடிந்தது அப்போதுதான்.

அந்தக் குருத்தணுக்களுக்கு இடையிடையே பானெத் செல்கள் என்ற பருத்த செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. எலியின் சிறுகுடலில் விண்டைக் கொடுப்பவற்றில் அவையும் உண்டு. விண்டின் முதுகில் ஒரு கொழுப்பு வால் ஒட்டியிருக்கிறது. அதனால் அது தண்ணீரில் மிதந்து தூரம் போகாது; அடுத்த வீடு வரைதான் அதன் பயணம். இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பானெத் செல்லை ஒட்டி நிற்கும் வரைக்கும் ஒரு செல் குருத்து. நெருக்கடியில் மேலே தள்ளப்பட்டு அந்த அண்டை அறுந்தால் அது முதிர்ந்து, சில நாளில் உதிர வேண்டியதுதான். குருத்தாக இருப்பது வாழும் இடத்தைப் பொறுத்தது.

2009-இல் தோஷிரோ சாட்டோ அதே ஆய்வகத்தில் ஒற்றைக் குருத்தணுவை எடுத்துக் கூழ் போன்ற ஊடகத்தில் வைத்து, குழி தரும் சமிக்ஞைகளைத் தட்டிலேயே கொடுத்துப் பார்த்தார். விண்டின் குரலை உரத்துக் கேட்கச் செய்யும் ஆர்-ஸ்பாண்டின், வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்., ‘முதிர்’ என்று சொல்லும் பி.எம்.பி.யைத் தடுக்கும் நாகின். ஒற்றைச் செல் வளர்ந்து குழிகளும் விரல் பகுதிகளும் கொண்ட குட்டிக் குடலானது. ஆர்கனாய்டு என்று இன்று பேசப்படுவது இதுதான்.

இனி நோய்க்கு வருகிறேன்.

பத்தாயிரம் பேரில் ஒருவர் போல, ஏ.பி.சி. மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்று பழுதாகவே பிறக்கிறார். பதின்வயதில் அவர் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில், பாலிப் என்ற சிறு முளைகள் கிளம்பும். மருத்துவம் செய்யாவிட்டால் நாற்பது வயதையொட்டி அவற்றில் ஏதோ ஒன்று புற்றாவது ஏறக்குறைய நிச்சயம். பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. இப்படிப்பட்ட குடும்பங்களின் வழியாகத்தான் 1991-இல் ஏ.பி.சி. மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு ஆண்டில் அது பீட்டா கெட்டினினோடு ஒட்டுவது தெரிந்தது. 1997-இல் கணக்கு நேரானது. ஏ.பி.சி. போனால் மடை நிரந்தரமாக அடைபட்டுவிடுகிறது. விண்ட் வராமலே விண்ட் வந்ததாகச் செல் நம்பிவிடுகிறது.

பரம்பரைக் கோளாறு இல்லாதவர்களுக்கு வரும் பெருங்குடல் புற்றிலும் பத்தில் எட்டில் இதே ஏ.பி.சி. உடைந்திருக்கிறது. பெரும்பாலும் முதலில் உடைவதும் அதுதான்.

உடைந்ததும் என்ன நடக்கிறது? அண்டையை விட்டு மேலே போனாலும் அந்தச் செல் முதிர மாட்டேன் என்கிறது. உதிர வேண்டியது தங்கிவிடுகிறது. பார்க்கர் 2009-இல் எலியில் ஒப்பிட்டுக் காட்டினார். குருத்தணுவில் ஏ.பி.சி.யை நீக்கினால் சில வாரத்தில் கட்டி வளர்கிறது. ஏற்கெனவே மேலேறத் தொடங்கிய செல்லில் நீக்கினால் சிறு முளையாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இன்னொன்றையும் 2021-இல் இரண்டு குழுக்கள் கண்டன. ஏ.பி.சி. இழந்த செல் நோட்டம் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது அக்கம்பக்கத்து நல்ல குருத்தணுக்களுக்கு விண்ட் கிடைக்காமல் செய்துவிடுகிறது. தனக்கு விண்ட் தேவைப்படாத செல், தேவைப்படுகிறவர்களின் பங்கைக் கெடுத்துக் குழி முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. விண்ட் இல்லாமலே மடையை அடைக்கும் லித்தியத்தைக் கொடுத்த எலிகளில் நல்ல செல்கள் தாக்குப்பிடித்தன, கட்டிகள் குறைந்தன.

ஏ.பி.சி. உடைந்ததும் வருவது புற்று அல்ல, பாலிப்தான். அது புற்றாவதற்குப் பொதுவாகப் பத்தாண்டு அல்லது அதற்கு மேலும் ஆகிறது. ஏன் அவ்வளவு காலம் என்பதற்கு ஆர்கனாய்டு தட்டிலேயே விடை கிடைத்தது. 2015-இல் சாட்டோவின் குழுவும் கிளெவர்ஸின் குழுவும் மனிதக் குடல் ஆர்கனாய்டில் ஒவ்வொரு மரபணுவாகத் திருத்திப் பார்த்தன. ஏ.பி.சி.யை உடைத்தபின் தட்டிலிருந்து விண்டையும் ஆர்-ஸ்பாண்டினையும் எடுத்துவிட்டார்கள், செல்கள் சாகவில்லை. கே-ராஸ் மரபணுவை மாற்றியபின் ஈ.ஜி.எஃப். தேவைப்படவில்லை. ஸ்மேட்-4 போனபின் நாகின் தேவைப்படவில்லை. பி-53 போனபின், ‘சேதமாகிவிட்டாய், செத்துப்போ’ என்ற உள்குரலும் அடங்கிவிட்டது. ஊட்டுவதற்கு ஒன்றும் இல்லாத தட்டில் செல்கள் செழித்து வளர்ந்தன. எலிக்குள் வைத்தபோது கட்டியாயின. புற்று வளர்வதை உறவுகள் ஒவ்வொன்றாக அறுவதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

அந்தப் பத்தாண்டு நமக்குக் கிடைத்த அவகாசம். கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே பாலிப்பை அறுத்து எடுத்துவிட முடியும். நம் ஊரில் மலத்தில் ரத்தம் கண்டால் மூலம், உடல் சூடு என்று நாமே முடிவுகட்டி, மோரும் வெந்தயமும் குடித்து ஆறு மாதம் கடத்திவிடுகிறோம். மூலமாகவே இருக்கலாம். ஆனால் பார்க்காமல் சொல்ல யாராலும் முடியாது. குடும்பத்தில் இளவயதில் பெருங்குடல் புற்று வந்தவர் இருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். நான் குறிப்பிட்ட அந்தப் பரம்பரை நோய் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பரிசோதனை தொடங்க வேண்டும்.

சமிக்ஞை தெரியும், பாதை தெரியும், உடைந்த இடமும் தெரியும். பின் ஏன் மருந்து இல்லை? இந்தக் கேள்வியை எல்லாக் கூட்டத்திலும் யாராவது கேட்கிறார்கள், கேட்க வேண்டியதும்தான்.

கண்மாய்க்குத் திரும்புவோம். மடைக்கதவே துருப்பிடித்து அடைத்துக்கொண்ட பிறகு, ‘மடையை அடைக்காதே’ என்று வெளியே நிற்பவரைத் தடுத்து என்ன பயன்? ஏ.பி.சி. உடைந்த கட்டியில் விண்டைத் தடுக்கும் மருந்தால் பலன் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேறு சில கட்டிகளில் கோளாறு வாசலிலேயே இருக்கிறது. ஆர்.என்.எஃப்.43 என்ற புரதம் விண்டின் ஏற்பிகளை அவ்வப்போது களைந்து எண்ணிக்கையைக் குறைத்து வைக்கும். அது கெட்டால் ஏற்பிகள் பெருகி, வரும் சிறிதளவு விண்டுக்கும் செல் துள்ளுகிறது. இந்தக் கட்டிகளுக்கு இன்னும் விண்ட் வேண்டும். ஆகவே இவற்றில் விண்டைத் தடுப்பது பலன் தரக்கூடும். ஒரே பாதை, ஒரே உறுப்பு. உடைந்த இடம் வேறானால் மருந்தும் வேறு.

அதோடு, விண்டை உடம்பு முழுவதும் தடுத்தால் நல்ல குருத்தணுக்களும் பட்டினி கிடக்கும். எலும்பு தன்னைக் கட்டிக்கொள்வதற்கும் விண்ட் தேவை. இந்தப் பாதையைத் தடுக்கும் சில மருந்துகளின் சோதனையில் நோயாளிகளுக்கு எலும்பு முறிவுகள் ஏற்பட்டன.

வெற்றி கண்ட பாதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையாடுகள் ஒரு காட்டுச் செடியை மேய்ந்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதிலிருந்த சைக்ளோபமைன் என்ற பொருள், கருவில் முகத்தை இரண்டாகப் பகுக்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையைத் தடுத்திருந்தது. அதே ஹெட்ஜ்ஹாக் பாதை தோலில் அடங்காமல் ஓடினால் பேசல் செல் கார்சினோமா என்ற புற்று வருகிறது. அந்தப் பாதையை அதே இடத்தில் தடுக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்து 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறுவைக்கு எட்டாத கட்டிகள்கூடச் சுருங்கின. ஆனால் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு முடி உதிர்கிறது, நாக்கில் ருசி போய்விடுகிறது. முடிக்கும் சுவைமொட்டுக்கும் அந்தச் சமிக்ஞை வேண்டும். கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது. ஆட்டுக்குட்டியின் முகத்தில் நடந்ததை மருந்துச்சீட்டு எழுதும் மருத்துவர் மறக்க முடியாது.

அப்படியானால் கட்டியிலுள்ள குருத்து போன்ற செல்களை மட்டும் தேடிக் கொன்றால்? 2017-இல் எலியில் செய்து பார்த்தார்கள். எல்.ஜி.ஆர்.5 உள்ள செல்களை ஒழித்ததும் கட்டி வளர்வது நின்றது. ஒழிப்பதை நிறுத்தியதும், மிச்சமிருந்த முதிர்ந்த செல்களே திரும்பக் குருத்தாகிக் கட்டியை வளர்த்தன. குருத்து என்பது ஓர் ஆள் அல்ல, ஒரு பதவி என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். ஆளை நீக்கினால் அடுத்தவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

கொல்லாமல் முதிரச் செய்ய முடியுமா என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி. ரத்தத்தில் அது நடந்திருக்கிறது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றில் வெள்ளணுக்கள் முதிராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. வைட்டமின் ஏ-யின் உறவுப்பொருள் ஒன்றைக் கொடுத்து அவற்றை முதிரச் செய்யலாம் என்று ஷாங்காய் மருத்துவர்கள் 1988-இல் காட்டினார்கள். சீனத்திலிருந்தே வந்த இன்னொரு மருந்தான ஆர்சனிக் டிரையாக்சைடை மட்டும் தனியே கொடுத்து 72 நோயாளிகளிடம் கிடைத்த நல்ல பலனை நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக் குழு 2006-இல் வெளியிட்டது. பாஷாணம் என்று நாம் அஞ்சும் பொருள், முதிர்வைத் தடுத்து நின்ற கோளாறுப் புரதத்தையே சிதைத்துவிடுகிறது.

குடல் புற்றுக்கு அப்படி ஒரு மருந்து மனிதரிடம் இன்னும் இல்லை. எலியில் மட்டும் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவில் லூகாஸ் டௌ, ஸ்காட் லோவ் ஆகியோர், வேண்டும்போது ஏ.பி.சி.யை அணைக்கவும் திரும்ப ஏற்றவும் கூடிய எலிகளை உருவாக்கினார்கள். அணைத்ததும் கட்டிகள் வந்தன. சிலவற்றில் கே-ராஸும் பி-53-உம் கூடக் கெட்டிருந்தன. அதாவது அறுந்த உறவுகள் பல. பிறகு ஏ.பி.சி.யை மட்டும் திரும்ப ஏற்றினார்கள். மடை திறந்தது. சில நாளில் கட்டியின் செல்கள் முதிரத் தொடங்கின. இரண்டு வாரத்துக்குள் கட்டிகள் கரைந்தன. கட்டியாக இருந்த அதே செல்களின் வாரிசுகள் மறுபடி குழிக்குள் அடங்கி, பிரிந்து, மேலேறி, விரல் நுனியைத் தொட்டு, நான்கைந்து நாளில் உதிர்ந்துகொண்டிருந்தன.